வலைப்பதிவரின் வருகைக் கணக்கு

இணையதளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு முதல் இணையதளத்தோடேயே தொடங்கிவிட்டது. ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இயக்கிய முதல் வெப் சர்வர், தன்னிடம் வந்த கோரிக்கைகளைக் குறித்துவைத்தது. 1991 முதல் 1994 வரை அதன் பளு ஆண்டுக்குப் பத்து மடங்காக ஏறியதென்று அவரே பின்னர் எழுதினார். வலை நிலைத்துவிடும் என்பதற்கு அன்று காட்டக்கூடிய சான்றுகளில் அது முக்கியமானது. ஆனால் அந்தக் குறிப்புகள் இயந்திரத்தைப் பராமரிப்பவருக்காக எழுதப்பட்டவை. எங்கே பழுது, எவ்வளவு பளு என்று பார்ப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. பின்னாளில் ஐம்பது, நூறு வாசகர்களை வைத்துக்கொண்டு வலைப்பதிவு நடத்தியவர்களுக்குக் கிடைத்த கருவிகள் பெரும்பாலும் இப்படித்தான் வந்தன: வேறு யாருக்காகவோ செய்யப்பட்டு, கடைசியில் இவர்கள் கைக்கு வந்தவை.

சர்வர் எழுதும் லாக் எனப்படும் குறிப்பேட்டுக்கு 1990களின் முதல் பாதியிலேயே ஒரு பொது வடிவம் அமைந்தது. ஒரு கோரிக்கைக்கு ஒரு வரி. கோரிக்கை வந்த கணினியின் முகவரி, நாள், நேரம், கேட்ட கோப்பு, அது கிடைத்ததா என்பதைச் சொல்லும் மூன்று இலக்க எண், அனுப்பிய பைட்டுகள் ஆகியவை அந்த வரியில் இருக்கும். கோப்பு கிடைத்தால் 200. இல்லாவிட்டால் இன்று எல்லாருக்கும் தெரிந்த 404. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் உருவான சர்வர் மென்பொருள் வழியாக இன்னும் இரண்டு விவரங்கள் பழக்கத்துக்கு வந்தன. ஒன்று, வந்தவர் எந்தப் பக்கத்தில் இருந்த சுட்டியைத் தட்டி வந்தார் என்பது. மற்றது, அவர் எந்த பிரவுசரில் பார்த்தார் என்பது. முதலாவது பின்னர் வலைப்பதிவர்களின் வாழ்க்கையையே மாற்றியது.

லாக் கோப்பை மனிதர் வரிவரியாகப் படிக்க முடியாது. அதைக் கூட்டிப் பெருக்கி அட்டவணையாகத் தரும் மென்பொருள்கள் சீக்கிரமே வந்தன. கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டர்னர் எழுதிய 'அனலாக்' 1995இலும், பிராட்ஃபோர்ட் பாரெட்டின் 'வெப்அலைசர்' 1997இலும், லோரான் தெஸ்தையர் எழுதிய 'ஏடபிள்யூஸ்டாட்ஸ்' 2000இலும் தொடங்கின. மூன்றும் இலவசம். மாத வாடகைக்கு சர்வர் இடம் தரும் நிறுவனங்கள் கடைசி இரண்டையும் தங்கள் நிர்வாகப் பக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்ததால், சொந்த டொமைன் வாங்கிய சாதாரண ஆள்களுக்கும் அவை எட்டின.

இந்த அட்டவணைகளில் பெரிதாகத் தெரிந்த எண் 'ஹிட்'. சர்வரிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு கோப்பும் ஒரு ஹிட். பத்துப் படங்கள் உள்ள ஒரு பக்கத்தை ஒருவர் ஒரு தடவை திறந்தால் பதினோரு ஹிட். பக்கத்தில் அலங்காரப் படங்களைக் கூட்டினாலே ஹிட்ஸும் கூடும். இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. ஏஓஎல் போன்ற இணைய இணைப்பு நிறுவனங்களின் சந்தாதாரர்களும், கல்லூரிக் கணினிக் கூடங்களில் இருந்தவர்களும் ப்ராக்ஸி எனப்படும் இடைநிலை சர்வர் வழியாக வெளியே வந்தார்கள். ஒரு வீட்டுக்கே ஒரு ரேஷன் அட்டை இருப்பதுபோல அத்தனை பேருக்கும் ஒரே முகவரி. ஒருவர் பார்த்த பக்கத்தை ப்ராக்ஸி சேமித்து வைத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டால், அந்த இரண்டாம் வாசகர் லாக்கில் வரவே மாட்டார். எத்தனை பேர் வந்தார்கள் என்பதை லாக்கிலிருந்து சொல்லவே முடியாது என்று டர்னர் தம் மென்பொருளின் கையேட்டிலேயே விளக்கமாக எழுதிவைத்தார். கருவி செய்தவரே அதன் எல்லையை இவ்வளவு நேர்மையாகச் சொன்னது பின்னால் வந்த கருவிகளில் அரிது.

இலவசப் பக்கம் வைத்திருந்தவர்களுக்கு லாக்கும் கிடையாது. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் போன்ற இடங்களில் லட்சக்கணக்கானோர் சொந்தப் பக்கம் போட்டார்கள், சர்வர் அவர்களுடையதல்ல. அவர்களுக்காக வந்ததுதான் ஹிட் கவுண்டர். வண்டியின் கிலோமீட்டர் காட்டியின் வடிவில், பக்கத்தின் அடியில் கறுப்புப் பட்டையில் வெள்ளை எண்கள். அது உண்மையில் ஒரு படம். பக்கம் திறக்கும்போது அந்தப் படம் கவுண்டர்காரரின் சர்வரிலிருந்து வரவழைக்கப்படும்; ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் அங்கே எண் ஒன்று ஏறும். ரீலோட் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாலும் ஏறும். ஆரம்ப எண்ணை உரிமையாளரே கொடுக்கலாம் என்பதால் பல கவுண்டர்கள் சுழியத்திலிருந்து தொடங்கவில்லை. கவுண்டர் கேலிக்குரிய பொருளாகி மறைந்தாலும் அதன் உத்தி மறையவில்லை. வேறொருவரின் சர்வரிலிருந்து ஒரு துண்டை வரவழைத்து, அந்த வரவையே கணக்காக்குவது இன்றுவரை தொடரும் முறை. எண்கள் தெரியும் படத்தின் இடத்தை ஒரு புள்ளி அளவே உள்ள கண்ணுக்குத் தெரியாத படம் பிடித்தது. பின்பு சில வரி ஜாவாஸ்கிரிப்ட்.

வந்தவரே மறுபடி வந்தாரா என்ற கேள்விக்கு விடை, தளம் வாசகரின் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பான குக்கீயில் கிடைத்தது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி 1994இல் அதை வடிவமைத்தார். கடைக் கூடையை நினைவில் வைப்பதற்காக யோசிக்கப்பட்டது என்றாலும், முதலில் நடைமுறைக்கு வந்தது நெட்ஸ்கேப்பின் சொந்தத் தளத்துக்கு வந்தவர் முன்பே வந்தவரா என்று பார்ப்பதற்குத்தான். ஒரு 'வருகை' எங்கே முடிகிறது என்பதையும் யாராவது வரையறுக்க வேண்டியிருந்தது. ஜார்ஜியா டெக்கில் லாரா கேட்லெட்ஜும் ஜேம்ஸ் பிட்கோவும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவர் 25.5 நிமிடம் எதையும் தட்டாமல் இருந்தால் அந்த அமர்வு முடிந்ததாகக் கொள்ளலாம் என்றது. அது ஒரு புள்ளியியல் கணக்கில் வந்த எண். தொழில் அதை 30 நிமிடமாக்கிக்கொண்டது. ஒரு நீண்ட கட்டுரையைப் பாதியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய், முக்கால் மணி நேரம் கழித்து வந்து மிச்சத்தைத் தொடர்ந்து அடுத்த பக்கத்தைத் தட்டுபவரின் ஒரே வாசிப்பு இரண்டு வருகையாகக் கணக்கில் ஏறுவது இதனால்தான்.

பைரா லேப்ஸ் 1999 ஆகஸ்டில் பிளாகர் சேவையைத் தொடங்கிய பிறகு வலைப்பதிவு எழுதத் தொழில்நுட்ப அறிவு தேவைப்படவில்லை. அதே காலத்தில் சைட் மீட்டர், எக்ஸ்ட்ரீம் டிராக்கிங், 1999இல் அயர்லாந்தில் 16 வயது மாணவராக இருந்த ஈடன் கல்லன் தொடங்கிய ஸ்டாட்கவுண்டர் ஆகியவை பதிவர்களிடையே பரவின. டெம்ப்ளேட்டில் சில வரிகளை ஒட்டினால் போதும். வருபவரின் நாடு, நகரம், பிரவுசர், திரை அளவு, வந்த சுட்டி, தேடிய சொல் எல்லாம் ஒவ்வொரு வருகைக்கும் தனித்தனியாகத் தெரியும். இலவசக் கணக்கில் அண்மை வருகைகள் சிலவற்றுக்கே இந்த விவரம் கிடைத்தது. ஒரு நாளைக்கு நாற்பது பேர் வரும் பதிவுக்கு அதுவே தாராளம். பெரிய தளத்துக்குப் போதாத கருவி சின்னப் பதிவருக்குப் பொருத்தமாக அமைந்த அரிய இடம் இது. சைட் மீட்டரின் சிறு சதுரப் படத்தைத் தட்டினால் யாரும் அந்தப் பதிவின் கணக்கைப் பார்க்கலாம் என்பதால் பதிவர்கள் ஒருவர் கணக்கை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

இந்தப் பட்டியல்களில் மொத்த எண்ணைவிட மதிப்புள்ளது வந்த வழிதான். யாரோ ஒருவர் தம் பதிவில் சுட்டி கொடுத்திருப்பதும், அவர் என்ன சொல்லிக் கொடுத்தார் என்பதும் அதில் தெரியும். அங்கே போய்ப் பதில் எழுதலாம், நன்றி சொல்லலாம், சண்டையும் போடலாம். ஒருவரையொருவர் அறியாத பதிவர்கள் பழக்கமானதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. சிலர் வந்த வழிகளைப் பக்கத்தின் ஓரத்திலேயே தானாக வெளியிட்டார்கள். விளம்பரக் குப்பை அனுப்புபவர்கள் உடனே அதைப் பிடித்துக்கொண்டார்கள்: போலி முகவரியை 'வந்த வழி'யாகக் காட்டி ஆயிரக்கணக்கில் கோரிக்கை அனுப்பினால், பதிவரின் பக்கத்தில் இலவசமாகச் சுட்டி கிடைக்கும். வெளிப்படையான பட்டியல்கள் இதனாலேயே எடுக்கப்பட்டன. மூன்றாம் ஆளின் நிரலை ஒட்டுவதில் வேறு ஆபத்தும் இருந்தது. 2008 ஆகஸ்ட் தொடக்கத்தில் சைட் மீட்டர் நிரலில் நடந்த ஒரு மாற்றத்தால், அதை வைத்திருந்த பதிவுகள் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் திறக்கவே இல்லை. வாசகரை எண்ண வைத்தது வாசகரைத் தடுத்தது.

எண்கள் வெளியே தெரிந்ததும் வரிசையும் வந்தது. இணையம் பற்றி எழுதிவந்த கிளே ஷெர்கி 2003 பிப்ரவரியில் எழுதிய கட்டுரை 433 வலைப்பதிவுகளுக்குக் கிடைத்த சுட்டிகளை எடுத்துப் பார்த்தது. முதல் ஐம்பது பதிவுகளுக்கே பாதிச் சுட்டிகள் போயிருந்தன. யாரும் சதி செய்யாமலேயே, ஆள்களுக்குத் தேர்வு அதிகமாக இருந்தாலே இப்படித்தான் குவியும் என்பது அவர் வாதம். சின்னப் பதிவரின் எண் சின்னதாகவே இருப்பதற்கு எழுத்தின் தரம் மட்டும் காரணமில்லை என்று இதிலிருந்து தெரிந்தது. கருவி விற்றவர்களின் விளம்பரங்களில் இந்தச் செய்தி இடம்பெறவில்லை.

தமிழில் வலைப்பதிவுகள் 2003இல் தொடங்கின. 2004இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய தமிழ்மணம் திரட்டி எல்லாப் பதிவுகளின் புதிய இடுகைகளையும் ஒரே பக்கத்தில் காட்டியது. ஒரு தமிழ்ப் பதிவின் வருகைக் கோடு எப்படி இருக்கும் என்பதைத் திரட்டியே தீர்மானித்தது. இடுகை முகப்பில் நிற்கும் சில மணி நேரம் கூட்டம். அது கீழே தள்ளப்பட்டதும் வெறிச்சோடிவிடும். புதிய பின்னூட்டம் வந்த இடுகைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்ததால், தம் இடுகையில் தாமே அல்லது நண்பர்களை வைத்துப் பின்னூட்டம் போட்டு அதை மேலேயே நிறுத்தும் வித்தை பிறந்தது. அதைப் 'பின்னூட்டக் கயமைத்தனம்' என்று பதிவர்களே பகடி செய்தார்கள். ஓட்டுப்பட்டை, 'சூடான இடுகைகள்', ரேங்க் என்று ஒவ்வொன்றாக வர, அதற்கேற்பத் தலைப்புகளும் சூடாயின. மொக்கைக்குக் கிடைக்கும் ஹிட்ஸ் உழைத்து எழுதியதற்குக் கிடைப்பதில்லை என்ற புலம்பல் அந்த ஆண்டுகளின் நிரந்தர ராகம்.

இன்னொரு பயன்பாடும் அன்று உண்டு, அதிகம் பேசப்படாதது. அனானியாக வந்து வசைபாடும் பின்னூட்டத்தின் நேரத்தையும், அதே நேரத்தில் கவுண்டரில் பதிவான ஐபி முகவரியையும் பொருத்தி ஆளை அடையாளம் காண முயல்வார்கள். ஒரு பெரிய அலுவலகம் முழுவதும் ஒரே முகவரியில் வெளியே வரலாம். வீட்டு இணைப்புகளில் முகவரி அடிக்கடி மாறும். ஊர்ப் பெயர் பெரும்பாலும் இணைப்பு தரும் நிறுவனத்தின் மையத்தைக் காட்டும், வாசகர் உட்கார்ந்திருக்கும் ஊரையல்ல. இத்தனை ஓட்டைகள் உள்ள தடயத்தை வைத்து ஒருவர்மேல் பழி சொல்வது அநியாயம். கவுண்டர் காட்டிய துல்லியத் தோற்றம் அதற்குத் துணிச்சல் கொடுத்தது.

திரட்டிக்கு வெளியே தமிழ்ப் பதிவுகளுக்கு வாசகர் கிடைக்க யூனிகோடு வழிசெய்தது. அதற்கு முன் தளத்துக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீட்டு முறை. தேடுபொறிக்கு அந்த எழுத்து தமிழாகவே தெரியாது. யூனிகோடில் எழுதிய இடுகைகள் தேடலில் அகப்பட்டன. சமையல் குறிப்பு, பழைய பாடல், ஊர் வரலாறு, கணினி உதவி பற்றிய இடுகைகளுக்கு எழுதிய நாளில் ஐந்து பேர் வந்திருந்தாலும் ஆண்டுக்கணக்கில் நாளுக்கு இரண்டு பேர் வந்துகொண்டே இருப்பார்கள். அரசியல் சண்டை இடுகைக்கு இந்தப் பின்வாழ்வு இல்லை. மாத மொத்தத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது; இடுகைவாரியாக ஓர் ஆண்டுக் கணக்கை விரித்தால்தான் தெரியும். வருகை தமிழ்ப் பதிவருக்குப் பணமாக மாறவும் இல்லை. 2003இல் தொடங்கிய கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018இல்தான். அதுவரை ஹிட்ஸ் பெரும்பாலும் கௌரவக் கணக்கு.

2005இல் கூகுள், சான் டியாகோவின் அர்ச்சின் நிறுவனத்தை வாங்கியது. பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்த அந்த மென்பொருளை அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இலவசமாக்கியது. குவிந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் சில நாள்களிலேயே புதிய பதிவுகளை நிறுத்தி, எல்லாருக்கும் மறுபடி திறக்க 2006 ஆகஸ்ட் ஆயிற்று. இலவசத்துக்குக் காரணம் எளியது: விளம்பரம் கொடுக்கும் கடைக்காரருக்குத் தம் காசு எங்கே பலித்தது என்று தெரிந்தால் மேலும் விளம்பரம் கொடுப்பார். கருவியின் சொற்கள் எல்லாம் அந்தக் கடைக்கானவை. 'பவுன்ஸ் ரேட்' நல்ல உதாரணம். ஒரே பக்கத்தோடு திரும்பிப் போனவர்களின் விகிதம் அது. கடைக்கு அது நஷ்டம். வலைப்பதிவிலோ ஓர் இடுகையைப் பத்து நிமிடம் நிதானமாகப் படித்துவிட்டுப் போகும் வாசகர்தான் வழக்கமான வாசகர், அவரும் 'பவுன்ஸ்'. அடுத்த தட்டலின் நேரத்தை வைத்தே முந்தைய பக்கத்தின் நேரம் கணக்கிடப்பட்டதால், அவர் படித்த பத்து நிமிடம் சுழியமாகவே பதிவானது.

பதிவர்களுக்கென்றே செய்தவை இல்லாமல் இல்லை. ஷான் இன்மனின் 'மின்ட்' 2005இல் தளத்துக்கு 30 டாலர் விலையில் வந்தது. ஜெஃப் வீன் குழுவினரின் 'மெஷர் மேப்' எந்த இடுகைக்கு எத்தனை சுட்டி, எத்தனை பின்னூட்டம் என்று பதிவரின் கண்ணால் பார்த்தது. 2006 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது. தனிக் கருவியாக அது வளரவில்லை.

புதிய இடுகைகளை வாசகரிடமே கொண்டுசேர்க்கும் ஓடை (ஃபீட்) வழியாகப் படித்தவர்களைக் கவுண்டர் பார்க்கவே இல்லை. கூகுள் ரீடர் போன்றவற்றில் முழு இடுகையும் படித்து முடித்தவர் பதிவின் பக்கத்தைத் திறப்பதில்லை. முழு ஓடை கொடுத்து வாசகரை மகிழ்விப்பதா, நான்கு வரி கொடுத்து ஹிட்ஸை மீட்பதா என்ற குழப்பம் இதில் வந்தது. ஓடையை எண்ண ஃபீட்பர்னர் 2004இல் வந்து, 2007இல் கூகுள் வசமானது. அதன் சந்தாதாரர் எண் ஒரு மதிப்பீடு. கூகுள் ரீடர் தன் பயனர் எண்ணிக்கையை அனுப்பத் தொடங்கிய 2007 பிப்ரவரியில் பலருக்குச் சந்தா ஒரே நாளில் குதித்தது. வாசகர்கள் அப்படியேதான் இருந்தார்கள்.

2010 ஜூலையில் பிளாகரே உள்ளமைந்த புள்ளிவிவரப் பக்கத்தைத் தந்தது. அது காட்டும் எண்ணும் அனலிட்டிக்ஸ் காட்டும் எண்ணும் ஒத்துப்போகவில்லை. பிளாகர் சர்வர் பக்கம் நின்று எண்ணியதால் தேடுபொறி ரோபோக்களும் குப்பை அனுப்பும் நிரல்களும் அதில் சேர்ந்தன; பதிவர் தம் பதிவைத் தாமே திறந்ததும், விலக்கும்படி அமைக்காவிட்டால், சேர்ந்தது. ஜாவாஸ்கிரிப்டை நம்பிய கருவிகள் அந்த ரோபோக்களில் பெரும்பாலானவற்றைத் தவறவிட்டன. விளம்பரத் தடுப்பான் வைத்திருந்த உண்மையான வாசகர்களையும் தவறவிட்டன. லட்சம் பேர் வரும் தளத்தில் இந்தப் பிழைகள் ஓரளவு கரைந்துவிடும். நாற்பது பேர் வரும் பதிவில் ஒரு ரோபோ ஒரு நாளையே இரட்டிப்பாக்கும். ரோபோவே இல்லையென்றாலும் சராசரி 40 உள்ள பதிவில் தற்செயலாகவே எண் 28க்கும் 52க்கும் நடுவே ஆடும். நேற்று 50, இன்று 31 என்பதில் செய்தி ஒன்றும் இல்லை. ஆனாலும் வரைகோடு கீழே இறங்குவதைப் பார்த்தபின் அப்படி எடுத்துக்கொள்வது கடினம்.

தேடிய சொற்களைப் பார்க்கும் வசதி 2011 அக்டோபரில் போகத் தொடங்கியது. கூகுள், தன் கணக்கில் நுழைந்திருந்தவர்களின் தேடலை மறைகுறியாக்கி, தேடிய சொல்லை அடுத்த தளத்துக்கு அனுப்புவதை நிறுத்தியது. 2013இல் ஏறத்தாழ எல்லாத் தேடலுக்கும் அது பொருந்தியது. வாசகர் என்ன கேட்டு வந்தார் என்று பதிவரின் கவுண்டரில் தெரிந்த இடம் பெருமளவு மூடப்பட்டது. விளம்பரதாரருக்குத் தன் விளம்பரத்தைத் தட்டியவர்களின் தேடல்சொல் தொடர்ந்து கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2013 ஜூலையில் கூகுள் ரீடரும் நின்றது. உரையாடல் ஃபேஸ்புக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் நகர்ந்தபின், குழுவில் பகிரப்பட்ட சுட்டியைத் தட்டி வருபவர் வந்த வழி எதுவும் இல்லாமல் 'நேரடி' வருகையாக விழுந்தார். 2014, 2015 வாக்கில் குப்பை நிரல்கள் தளத்துக்கே வராமல் அனலிட்டிக்ஸ் சர்வருக்கு நேரே போலி வருகைகளை அனுப்பின. அவற்றை வடிகட்டும் வேலையும் பதிவர் தலையில் விழுந்தது.

பிறகு சட்டம் வந்தது. குக்கீ பற்றிய ஐரோப்பிய விதிகளுக்காக பிளாகர் 2015இல் ஐரோப்பிய வாசகர்களுக்கு அறிவிப்புப் பட்டை காட்டத் தொடங்கியது. தமிழ்ப் பதிவுகளிலும் அது தெரிந்தது. 2018 மே 25இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் நடைமுறைக்கு வந்தது. 2022இல் ஆஸ்திரிய, பிரெஞ்சு தரவுப் பாதுகாப்பு அமைப்புகள் தங்களிடம் வந்த வழக்குகளில் கூகுள் அனலிட்டிக்ஸ் பயன்பாடு அந்தச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று முடிவு சொன்னன. குக்கீ இல்லாமல் எண்ணும் பிளாசிபிள், கோட்கவுண்டர் போன்ற சிறு கருவிகளும், 2007இல் பிவிக் என்று தொடங்கி 2018இல் பெயர் மாறிய மடோமோவும் சொந்த சர்வர் வைத்திருந்தவர்களிடம் இடம் பிடித்தன. குக்கீ இல்லாத அந்தச் சிறு கருவிகள் குறைவாகவே சொல்கின்றன: எந்த இடுகை, எத்தனை தடவை, எங்கிருந்து. சின்னப் பதிவருக்கு அதற்குமேல் பயன்பட்டதும் குறைவு.

அனலிட்டிக்ஸின் பழைய வடிவம் 2023 ஜூலை 1இல் கணக்கிடுவதை நிறுத்தியது. 2024 ஜூலையிலிருந்து அதில் இருந்த தரவுகளும் அழிக்கப்பட்டன. முன்கூட்டித் தரவிறக்காத பதிவர்களுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு வருகைக் குறிப்பு அதோடு போயிற்று. இதற்கிடையே மொழி மாதிரிகளுக்காகப் பக்கங்களைச் சேகரிக்கும் ரோபோக்கள் வந்துவிட்டன. ஓபன்ஏஐ தன் ஜிபிடிபாட்டை 2023 ஆகஸ்டில் அறிவித்தது. ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளின் கணக்கில் இவை பெரும்பாலும் தெரிவதில்லை. சர்வர் லாக்கில் தெரிகின்றன. பெயரை மறைத்து வருபவற்றை அங்கேயும் பிரவுசரிலிருந்து பிரித்தறிவது கடினம்.